வளவிலே பழுக்கும் கனியைக் காத்தல்

பழமரம் ஒன்றை நட்டு, நீரூற்றி, ஆடுமாடு கடியாமல் வேலி கட்டி வளர்த்தெடுப்பது ஒரு வேலை. அம்மரம் காய்த்த பின்னர் அதன் கனியை வீட்டிலுள்ளோர் உண்ணும்படி காத்து எடுப்பது வேறொரு வேலை. முதலாவது வேலையைப் பற்றிப் பேசுவோர் பலர். மரக்கன்று வழங்கும் நாளிலே கூட்டமும் உண்டு, சொற்பொழிவும் உண்டு. ஐந்தாறு ஆண்டு கழித்து அக்கன்று மரமாகிக் காய்த்துக் குலுங்கும் வேளையில், அதன் அடியிலே பாதி தின்னப்பட்டுக் கிடக்கும் பழங்களைக் கூட்டி அள்ளும் வீட்டுப் பெண்ணுக்கு யோசனை சொல்ல ஒருவரும் வருவதில்லை. அந்த இரண்டாவது வேலையைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

இது சிறிய விடயம் என்று தோன்றலாம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தத்தம் வளவுகளிற் பயிர் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிப்பதென அரசாங்கமே தீர்மானித்தது. சந்தைக்குப் போய் ஒரு பழம் வாங்குவது பல வீடுகளில் ஆடம்பரமாகிவிட்ட காலம் அது. பாடசாலை அதிபர் என்ற முறையில், காலை உணவின்றி வரும் பிள்ளைகளை நான் அன்றும் கண்டேன், இன்றும் காண்கின்றேன். அத்தகைய பிள்ளையின் வீட்டு வளவிலே பெரும்பாலும் ஒரு கொய்யாமரம் நிற்கின்றது. நூறு கிராம் கொய்யாப் பழத்தில் ஏறக்குறைய இருநூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட உயிர்ச்சத்து ‘சி’ உண்டு. அதே நிறையுள்ள தோடம்பழத்தில் உள்ளதைப் போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு பிள்ளையின் அன்றாடத் தேவைக்கு ஒரு சிறு கொய்யாவே போதும், மிச்சமும் உண்டு. அந்தப் பழம் அணிலுக்கும் புழுவுக்கும் போய்விட, பிள்ளை வெறுங்கையோடு பாடசாலைக்கு வருகின்றது. இதுவே என்னை இப்பேச்சுக்குத் தூண்டிய காரணம்.

கனியைக் கவர வருவோர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம்மவர் பொதுவாக எல்லாப் பழியையும் அணிலின் தலையிற் சுமத்துவர். இராமபிரானுக்கு உதவி செய்து முதுகிலே மூன்று கோடு பெற்ற பிராணி என்று கோயிலிற் கதை கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதன்மேற் கல்லெறிவர்! அணில் பகலிலே உண்பது. அதன் பற்குறி சிறியது. கொறித்த இடம் ஓரம் ஓரமாகக் கிண்ணம்போற் குழிந்திருக்கும். கிளியும் பகலிலே வரும். அது முற்றாத காயையும் கடித்துச் சிறிது சுவைத்துவிட்டுக் கீழே போடும் ஊதாரி. காகம், குயில், மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான் ஆகியன பழுத்து நிறம் மாறியதையே நாடி வந்து, அலகினாற் குத்தித் துளைப்பன. இரவிலே வருவோர் வௌவாலும் எலியும் மரநாயும். காலையில் எழுந்து பார்க்கும்போது, மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை மரத்தடியிலே உருண்டை உருண்டையாகக் கிடந்தால், வந்தது வௌவால் என்று கொள்ளலாம். இவர்கள் எல்லோரிலும் பெரிய கள்வன் ஒருவன் உளன். அவன் கண்ணுக்குத் தெரியாமலே வந்து போகின்றான். அவனே பழ ஈ. அவனைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வேன்.

வந்தவர் யார் என்று தெரிந்தபின், எந்தப் பழத்தை எப்போது காப்பது என்ற கேள்வி எழும். இங்கே ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மரத்தினின்று பறித்த பின்னரும் பழுக்கும் இயல்புள்ளவை சில. பறித்தபின் மேலும் பழுக்காதவை சில. மா, வாழை, பப்பாசி, பலா, அன்னமுன்னா, கொய்யா என்பன முதலாம் வகை. மாதுளை, முந்திரிகைக் குலை, தோடை, எலுமிச்சை என்பன இரண்டாம் வகை. முதலாம் வகைப் பழத்தை மரத்திலே பழுக்க விட்டுக் காவல் காப்பது வீண் வேலை. அது முற்றியதும் பறித்து வீட்டுக்குள் வைத்துவிட்டால், பறவைக்கும் வௌவாலுக்கும் அங்கே அலுவலில்லை.

முற்றியதை அறிவது எப்படி? நம் ஊர்ப் பெரியவர்கள் இதிலே மிகுந்த தேர்ச்சி உடையவர்கள். கறுத்தக்கொழும்பான் காயின் காம்படி மேடிட்டுத் தோள் திரண்டு நின்றால் அது முற்றிவிட்டது. ஐயமிருந்தால் ஒரு காயைப் பறித்து வாளி நீரில் இட்டுப் பாருங்கள்: முற்றிய மாங்காய் நீரில் அமிழும், முற்றாதது மிதக்கும். பப்பாசியின் தோலிலே மஞ்சட் கீற்று ஒன்று தோன்றியதும் பறிக்கலாம். முழுமஞ்சளாகும் வரை காத்திருப்பவர் காகத்துக்காகவே காத்திருக்கின்றார். வாழைக்காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வந்ததும் குலையை வெட்டலாம். மாங்காயைக் கொக்கைத்தடியாற் பறிக்கும்போது தடியின் நுனியிலே ஒரு சிறு வலைப்பையைக் கட்டிக்கொள்ளுதல் வேண்டும். நிலத்தில் விழுந்து அடிபட்ட காய் வைக்கோலுக்குள்ளேயே அழுகும். காம்பை ஓரங்குலம் விட்டு நறுக்கிப் பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்கினால் சில நாட்களிற் பழுத்துவிடும். சீக்கிரம் பழுக்க வேண்டுமென்று இரசாயனக் கல் வைக்கும் வியாபாரிகளின் வழி நமக்கு வேண்டாம். வீட்டுப் பழத்துக்கு அவசரம் ஏது?

எனினும், முதலாம் வகைப் பழங்களையும் முற்றும் வரையிலாவது மரத்திலே விட்டுவைத்தல் வேண்டும். இரண்டாம் வகையையோ முழுதும் பழுக்கும் வரை விட்டுவைத்தல் வேண்டும். இந்த இடைக்காலத்திற்கு நான் அறிந்த வழிகளில் மிகச் சிறந்தது பொத்தி கட்டுதலே. நம் பாட்டிமார் பலாப்பழத்துக்குச் சாக்கும் கிடுகும் சுற்றிக் கட்டினர். மாதுளம்பிஞ்சுக்குப் பழைய வேட்டித் துணியிற் சிறு பை தைத்து மாட்டினர். வாழைக்குலையை அதன் சருகாலேயே போர்த்தினர். இதனை ஏதோ நாட்டுப்புறப் பழக்கம் என்று எண்ணி நாம் கைவிட்டோம். இதே வேளையில் யப்பானியர் ஆப்பிளுக்கும் பேரிக்கும் பீச்சுக்கும் ஒவ்வொன்றாகக் காகித உறை இட்டு, உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெற்றனர். பிலிப்பைன் தீவுகளிலே மாங்காய்க்குப் பழைய செய்தித்தாளாற் பை செய்து கட்டுவது இன்றும் வழக்கம். தாய்வானில் கொய்யாவுக்கு உறையிடாத தோட்டம் அரிது. நமது நாட்டிலும் ‘ரொம் ஈ.ஜே.சி.’ எனப்படும் மாவினத்தை வளர்க்கும் தோட்டங்களில் காய்க்குக் காய் காகிதப் பை தொங்கக் காணலாம். பாட்டியின் வழி கடல் கடந்து போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்திருக்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பொத்தி கட்டுவதிலே காலம் முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மாமரம் தை, மாசியிற் பூத்து, சித்திரை தொடக்கம் ஆனி வரை பழந்தருகின்றது. பிஞ்சு சிறிதாக இருக்கும்போது இயல்பாகவே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உதிரப்போகும் பிஞ்சுக்குப் பை கட்டுவதாற் பயனில்லை. கோழிமுட்டை அளவாகிக் காம்பு உறுதிப்பட்ட பின்னரே கட்டுதல் வேண்டும். அது காய் பிடித்து ஏறக்குறைய ஐம்பத்தைந்து, அறுபது நாள் சென்ற பருவம். கொய்யாவை எலுமிச்சங்காய் அளவாகும் முன்பே மூடிவிட வேண்டும். மாதுளைக்கு இன்னும் முந்த வேண்டும். ஏனெனில், வண்ணத்துப்பூச்சி ஒன்று மாதுளம்பூவின் புல்லியிலும் இளம்பிஞ்சிலும் முட்டையிட, அதன் புழு காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். புழு புகுந்த பின் கட்டும் பை புழுவுக்கே காவலாகும்.

பையைச் செய்வது எளிது. செய்தித்தாளை இரண்டு மடிப்பாக எடுத்து, எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமுமாக, சோற்றுப்பசையால் ஒட்டிக்கொள்ளலாம். காயிலே முன்னரே குத்துக்காயம் உண்டா என்று பார்த்து, ஈரம் உலர்ந்த வேளையிற் பையை மாட்டி, வாயைக் காம்போடு சேர்த்து மடித்து ஓர் ஈர்க்கைக் கோத்துவிட்டாற் போதும். நூலினால் இறுகக் கட்டினால் காம்பு நெரியும். அடியிலே ஒரு சிறு துளை இருப்பது நன்று. ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையை வெயிலிலே கட்டினால் உள்ளே வெப்பமும் ஈரமும் தேங்கிக் காய் வெந்து அழுகும். மாம்பழக் காலம் குடாநாட்டிலே மழையற்ற காலமாதலின் காகிதம் தாங்கும். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியில் உள்ளோர் மெல்லிய துணியையே நாடுதல் வேண்டும்.

காகிதப் பை அணிலைத் தடுக்குமா என்று கேட்பீர்கள். பழத்தின் நிறத்தை மறைப்பதால் பறவையின் கண்ணை ஏய்க்கும்; ஈயை முற்றாகத் தடுக்கும். அணில் துணிந்துவிட்டால் காகிதத்தைக் கிழித்துவிடும், உண்மைதான். அதற்கு நம்மிடம் வேறொன்று உண்டு. பனங்கட்டி வார்க்கும் குட்டானை எல்லோரும் அறிவீர்கள். அதே குட்டானைச் சற்று அகலமாக, மூடியோடு இழைத்து மாதுளைக்கும் கொய்யாவுக்கும் மாட்டினால், காற்றும் புகும், அணிலின் பல்லும் இலகுவிற் செல்லாது. எமது பாடசாலை மாணவர் வார இறுதியில் இவற்றை இழைக்கின்றனர். ஒரு குட்டான் மூன்று பருவம் வரை தாங்குவதைக் கண்டிருக்கின்றேன். பனையோலைக்கு வேலை இல்லை, இளைஞருக்கும் வேலை இல்லை என்று ஒருபுறம் ஏங்குகின்றோம். மறுபுறம் கடையிலே பிளாத்திக்குப் பை வாங்குகின்றோம். இது எனக்கு விளங்காத பொருளாதாரம்.

தென்னைக்குச் செய்வதுபோல, தனித்து நிற்கும் மரத்தின் அடியிலே ஒரு தகரப் பட்டையைச் சுற்றுவதும் எலிக்கும் அணிலுக்கும் தடையாகும். தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே, ஒன்றரை அடி அகலத் தகரம் போதும். ஆணி அறையாமற் கம்பியாற் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிட வேண்டும். ஆனால் கிளையொன்று மதிலையோ கூரையையோ அடுத்த மரத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வெறும் அலங்காரமே.

இனிப் பழ ஈக்கு வருவோம். மாம்பழத்தை ஆவலோடு நறுக்கும்போது உள்ளே நெளியும் வெண்புழுவைக் கண்டு அருவருத்து எறியாதவர் நம்மில் எவர்? அப்புழு பூவிலேயே புகுந்தது என்பது பலரின் எண்ணம். அது சரியன்று. முற்றி நிறம் மாறத் தொடங்கும் காயின் தோலைப் பெண் ஈ தன் ஊசி போன்ற உறுப்பினாற் குத்தி உள்ளே முட்டையிடுகின்றது. முட்டை ஓரிரு நாளிற் பொரிக்கும். புழு ஒரு வாரம், பத்து நாள் வரை சதையைத் தின்னும். பின்னர் பழத்தோடு நிலத்தில் விழுந்து, மண்ணுக்குள் சிறிது ஆழத்திற் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து நாளில் ஈயாக வெளிவரும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடவல்லது. எனவே, மரத்தடியில் விழுந்து கிடக்கும் ஓர் அழுகற் பழத்தை நீங்கள் அப்படியே விட்டால், அடுத்த மாதம் உங்கள் வளவுக்கு மட்டுமன்றி அயல் வளவுக்கும் ஈயை வளர்த்து அனுப்புகின்றீர்கள்.

இந்த ஈயின் ஆற்றலுக்கு ஒரு சான்று. 2003ஆம் ஆண்டிற் கென்யாவிலே புதியதொரு பழ ஈ கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது ஆபிரிக்காவின் பல நாடுகளில் மாந்தோட்டங்களை அழித்தது. அறிஞர்கள் தேடியபோது அதே ஈ நமது இலங்கையிலும் இருக்கக் கண்டு, 2005இல் அதற்குப் புதுப் பெயரிட்டனர். 2015இல் மேலும் ஆராய்ந்து, அது ஆசியாவெங்கும் உள்ள பழைய கீழைத்தேசப் பழ ஈயே என்று முடிவு செய்தனர். நம் வளவிற் பிறந்து வளரும் இச்சிற்றுயிர் ஒரு கண்டத்தையே கலங்க வைத்தது.

அதனை அடக்க முதல் மருந்து துடைப்பம். விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியிற் புதைத்தல் வேண்டும். அன்றேல், கறுத்தப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் வைத்தல் வேண்டும். எருக்குழியில் மேலோட்டமாகப் போடுவது ஈக்குத் தொட்டில் கட்டுவதாகும். இரண்டாவது, ஆண் ஈயைக் கவரும் பொறி. 1910ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற் பணியாற்றிய ஹவ்லெற் என்னும் பூச்சியியலாளர், சில வாசனைப் பொருள்களுக்கு ஆண் ஈக்கள் கூட்டங்கூட்டமாக வருவதைக் கண்டார். மெதைல் இயூசினோல் என்னும் அப்பொருள் நம் முற்றத்துத் துளசியிலும் உண்டு. அதனை நனைத்த பஞ்சை ஒரு போத்தலிற் தொங்கவிடும் பொறிகள் இன்று கிடைக்கின்றன. இப்பொறி ஆணையே பிடிக்கும்; கருவுற்ற பெண் ஈ அதனைத் திரும்பியும் பாராது. ஆதலின், போத்தலைத் தொங்கவிட்டுவிட்டுத் துடைப்பத்தை மூலையிற் சாத்துவோர் ஏமாறுவர். பாகல், புடோல் ஆகியவற்றைத் தாக்கும் ஈ வேறினம். அது இப்பொறிக்கு வாராது. பொறியைப் பற்றிய மேலதிக விளக்கத்தை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

ஈக்கு இயற்கையிலேயே ஒரு பகைவன் உண்டு. அவனை நாம் தீ வைத்துக் கொளுத்துகின்றோம்! மாவிலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவந்த முசுறு எறும்பையே சொல்கின்றேன். மரமேறுபவனைக் கடித்து வதைப்பதால் அதன்மேல் நமக்குத் தீராக் கோபம். சீன தேசத்தாரோ கி.பி. 304ஆம் ஆண்டிற்குரியதெனக் கூறப்படும் ஒரு நூலில், இவ்வெறும்பின் கூடுகள் சந்தையிலே விற்கப்பட்டதையும், தோடை மரங்களில் அவற்றைக் கட்டாவிடிற் பழமெல்லாம் பூச்சிக்குப் போகும் என்பதையும் எழுதிவைத்துள்ளனர். வட அவுஸ்திரேலியாவின் மாந்தோட்டங்களில் அண்மைக்காலத்தில் நடந்த ஆய்வுகளும் முசுறு உள்ள மரத்திற் பழ ஈயின் சேதம் குறைவதைக் காட்டின. முசுறு மாப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் பேணி வளர்க்கும் குற்றமும் உடையது, அதனை மறைக்கவில்லை. எனினும், எட்டாத உயரத்துப் பெருமரங்களில் அதனை விட்டுவைப்பது இலாபமே. காய் பறிக்கும் நாளிற் கைகாலிற் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவோரை நான் கண்டதுண்டு.

வெருளி கட்டுவது, தகரம் தட்டுவது, பழைய ஒலிப்பதிவு நாடாவைக் கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டுவது, மினுங்கும் இறுவட்டுகளைத் தொங்கவிடுவது ஆகியன பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில நாளைக்குப் பறவை அஞ்சும். பின்னர் வெருளியின் தலையிலேயே காகம் வந்து அமரும். பழம் பழுக்கும் கடைசி வாரத்திலே மட்டும் கட்டி, இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாற்றுவோருக்கு ஓரளவு பயன் தரும். கோடையிலே பறவைகள் கொய்யாவையும் மாதுளையையும் கொத்துவதற்குத் தாகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மரத்திற்கு அப்பால் ஒரு சட்டியிலே நீர் வைத்த வளவுகளிற் கொத்தல் சற்றுக் குறைந்திருந்தது.

வலையைப் பற்றிச் சிறிது கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. கரையோரக் கிராமங்களிற் பழைய நைலோன் மீன்வலை மலிவாகக் கிடைப்பதால், அதனை மாதுளைமேல் வீசிவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், எம் பாடசாலைக்கு அருகிலுள்ள ஒரு வளவில், அவ்வாறு போட்ட வலையிலே ஒரு பெரிய சாரைப்பாம்பு சிக்கி, முன்னும் போக முடியாமற் பின்னும் வர முடியாமற் கிடந்தது. அதனருகே ஒரு மைனாவும் ஓர் அணிற்குஞ்சும் இறந்து தொங்கின. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், கைப்பணி வகுப்புக் கத்தரிக்கோலைக் கொண்டு சென்று, பாம்பின் தலையை ஒரு கவட்டுத்தடியால் மெல்ல அழுத்திக்கொண்டு, இழை இழையாக வலையை வெட்டி அதனை விடுவித்தான். எலியைத் தின்னும் சாரையை எலிக்காகப் போட்ட வலை பிடித்த விந்தையை அவன் தான் முதலிற் சுட்டிக் காட்டினான். அவ்வீட்டார் அன்றே வலையை அகற்றினர்.

வலையே கூடாது என்பது என் கருத்தன்று. முந்திரிகைப் பந்தலைக் காக்க வலையை விடச் சிறந்தது இல்லை. எத்தகைய வலை என்பதே கேள்வி. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் முதல், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண், முற்றாக இழுத்த நிலையிலும் ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது சட்டம். அங்கே சொல்லும் சோதனை இலகுவானது: வலையினூடாக உங்கள் விரல் நுழையுமாயின் அவ்வலை ஆகாது. ஒற்றை இழை நைலோனைத் தவிர்த்து, நெய்த வெண்ணிற வலையை, நாற்புறமும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தரையிற் தளர்ந்து கிடக்காமற் செய்தாற் பழமும் தப்பும், பிராணியும் தப்பும்.

நஞ்சு வைப்பதைப் பற்றியும் கூறாமல் விட முடியாது. பழத்திலே பூச்சிமருந்தைத் தடவி அணிலுக்கும் குரங்குக்கும் வைக்கும் கொடுமை சில இடங்களில் உண்டு. பழத்துக்குக் கை நீட்டும் சிறு பிள்ளைக்கு எது நஞ்சூட்டியது என்று தெரியாது. முன்னாளிற் பழ ஈக்கென்று தெளிக்கப்பட்ட பெந்தியன், டைமெதோயேற் ஆகியவை 2008க்கும் 2011க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டிற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. நஞ்சருந்தி மாண்ட மனிதரின் தொகையே அத்தடைக்குக் காரணம். பழைய போத்தல் ஏதும் கொட்டிலின் மூலையிற் கிடந்தால் அதனைத் தொட வேண்டாம். பிள்ளைகளையும் தொடவிட வேண்டாம். விவசாய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

அணில் கோதிய மாம்பழமே இனிப்பு என்று நாமெல்லாம் இளமையிற் போட்டி போட்டு எடுத்துத் தின்றோம். பழுத்ததைத் தேர்ந்து கடிப்பது அணிலின் இயல்பாதலின் அவ்வெண்ணம் தோன்றிற்று. இன்று அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்கின்றேன். 1998, 1999இல் மலேசியாவிலே நிப்பா என்னும் வைரசு நோய் பரவியபோது, வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் பன்றித் தொழுவங்களில் விழுந்தமையே அதன் தொடக்கம் எனக் கருதப்பட்டது. 2018இற் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் அந்நோய் பலரைப் பலிகொண்டது. பீதி கொள்ளத் தேவையில்லை. கடியுண்ட பழத்தைப் புதைத்துவிட்டு, கடியுறாத பழத்தையும் கழுவித் தோல் சீவி உண்பது போதும்.

இதனைக் கேட்டு வௌவாலைக் கொல்லப் புறப்படுவோர் மொறீசியசுத் தீவின் கதையையும் கேட்டல் வேண்டும். அங்கே லைச்சியையும் மாம்பழத்தையும் தின்கின்றன என்று 2015இலும் 2016இலும் அரசாங்கமே பல்லாயிரம் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டுக் கொன்றது. உலகில் அப்பகுதிக்கே உரிய அவ்வினம் 2018இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. மரங்களுக்கு வலையிட உதவிப் பணம் வழங்கும் வேலையை அரசாங்கம் செய்யத்தான் வேண்டியிருந்தது. நமது கோயில் வீதிகளில் நிற்கும் இலுப்பை இரவிலே பூத்து, மகரந்தச் சேர்க்கைக்கு வௌவாலையே பெரிதும் நம்பியிருக்கும் மரம். கொண்டைக்குருவியும் மைனாவும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவன புழுக்களே.

வன்னியிலும் மலைநாட்டிலும் உள்ள நேயர்கள், “உமக்கென்ன, குரங்குப் படை வந்தால் உமது காகிதப் பை என்ன செய்யும்?” என்று கேட்பது என் காதில் விழுகின்றது. நியாயமான கேள்வி. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் மக்கள் தத்தம் வளவில் நின்ற குரங்கு, மயில், மலையணில் முதலியவற்றை எண்ணியமை அத்தொல்லையின் அளவைக் காட்டும். அது தனி வளவினராலே தீர்க்கத்தக்கதன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டியது. ஆயினும், பலாவுக்குச் சாக்குப் பொத்தி கட்டுவதும், முற்றியதும் தாமதியாமற் பறிப்பதும், குப்பையில் உணவு சிந்தாமல் வைப்பதும் அங்கேயும் கைகொடுக்கும்.

எமது பாடசாலை வளவிலே பதினொரு கொய்யாமரங்கள் உண்டு. பங்குனி விடுமுறைக்கு முன், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்திலுள்ள பிஞ்சுகளுக்குப் பை கட்டுவர். ஒரு பிள்ளைக்கு ஐந்து பிஞ்சு. எட்டாத உச்சிக் கிளைகளுக்கு நாம் போவதில்லை. அவை கிளிக்கும் அணிலுக்கும் உரியன. மரத்தில் ஒன்றும் மிச்சம் வைக்காத வளவிலேதான் அவை பையைக் கிழிக்க முனைகின்றன. ஒவ்வொரு பையிலும் பிள்ளை தன் பெயரையும் கட்டிய திகதியையும் பென்சிலால் எழுதும். பெயர் எழுதுவது பிள்ளையின் மகிழ்ச்சிக்கு. திகதி எழுதுவது நமது தேவைக்கு: பைக்குள் இருக்கும் காய் கண்ணுக்குத் தெரியாதாகையால், திகதி இல்லாத பை மறக்கப்பட்டு உள்ளேயே அழுகிப்போகும். கட்டிய நாளிலிருந்து எட்டாம் வாரம் ஒரு பையைத் திறந்து பாருங்கள். காய் வெளிர் பச்சையாகி மணம் வீசத் தொடங்கியிருந்தால், அதே கிளையின் மற்றப் பைகளையும் அன்று மாலையே இறக்கிவிடலாம்.